பிள்ளைத்தமிழ் காட்டும் குழந்தை நலம்

நுழையும்முன்

குழந்தை தன் நலிவைச் சொல்லால் உரைக்க இயலாது. அதன் அசைவும் அழுகையும் நோக்குமே அதன் மொழி. அம்மொழியைப் பெற்றோர் கற்றறிந்தால்தான் குழந்தையின் நலம் காக்க இயலும். அதனைக் கற்பிக்கும் இலக்கிய வகை ஒன்று தமிழில் உண்டு.

தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களுள் ஒன்று பிள்ளைத்தமிழ். கடவுளரையோ, அரசரையோ, சான்றோரையோ குழந்தையாக எண்ணிப் பத்துப் பருவங்களில் பாடுவது அதன் இலக்கணம். ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் காலத்தால் முற்பட்டது. பருவங்களுக்குரிய மாதங்களைப் பாட்டியல் நூல்கள் சற்று வேறுபடக் கூறினும், அவற்றின் வரிசை குழந்தையின் வளர்ச்சியை ஒட்டியே அமைந்துள்ளது.

காப்பும் தாலும்

முதற்பருவம் காப்பு. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது இதன் பொருள். பிஞ்சு உயிருக்கு நோய் எளிதில் நேரும் என்ற அச்சமே இவ்வேண்டுதலின் வேர். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே அளித்தலும், பிறந்தது முதல் உரிய காலத்தில் தடுப்பூசி இடுதலும் இன்றைய காப்புகள்.

தாலப் பருவம் தாலாட்டுக்கு உரியது. தாலாட்டு உறங்கவைப்பதோடு நில்லாமல், செவிக்கு மொழியைப் பழக்குகிறது. தாயின் குரல் வந்த திசைக்குத் தலை திரும்பாத குழந்தைக்குச் செவித்திறன் ஆய்வு தேவை. குறையைக் காலத்தே கண்டறிந்தால் பேச்சு வளர்ச்சியைப் பெரிதும் காக்கலாம்.

செங்கீரை முதல் வருகை வரை

ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கைகொட்டி மகிழ்வது சப்பாணி. ஊன்றிய கைகள் விடுபட்டு, முதுகு தானே நிமிர்ந்து நின்றாலன்றி அமர்ந்தபடி கைகொட்ட இயலாது. எனவே சப்பாணி, உடல் உறுதி பெற்றதன் அடையாளமுமாகும். தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகைப் பருவம். உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்வுப்படி, குழந்தை தனித்து நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 18 மாதம் வரை வேறுபடும். ஆகவே அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்துதல் வேண்டா. 18 மாதம் கடந்தும் நடவாவிடில் மருத்துவரை நாடத் தயங்குதலும் கூடாது.

அம்புலி

நிலவைச் சுட்டிக்காட்டிக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைப்பது அம்புலிப் பருவம். தாயின் விரல் காட்டும் திசையில் குழந்தை நோக்குகிறது. பின்னர்த் தானும் விரல் நீட்டிக் காட்டுகிறது. ஒருவர் கண்டதை மற்றவரும் காணும் இப்பகிர்வே பேச்சுக்கும் உறவுக்கும் அடித்தளம். ஒன்றரை வயதிலும் குழந்தை எதையும் சுட்டிக்காட்டவில்லை எனில் மருத்துவரிடம் கூறவேண்டும்.

நிலாக்காட்டிச் சோறூட்டிய இடத்தை இன்று கைப்பேசி பற்றிக்கொண்டது. திரையைக் காட்டினால் குழந்தை வாய் திறக்கும். ஆனால் ஊட்டுபவர் முகத்தைக் காணாது. வயிறு நிறைந்ததையும் உணராது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரை வேண்டா என்பது உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் வழங்கிய அறிவுரை. நிலவு குழந்தைக்கு விடை கூறியதில்லை; உடனிருந்து பேசியவள் தாய். அப்பேச்சே குழந்தைக்கு உணவும் மருந்தும் ஆயிற்று.

கற்பவை கற்றபின்

உம் வீட்டிலோ அண்டையிலோ உள்ள ஒரு குழந்தையை ஒரு வாரம் உற்றுநோக்கி, அதன் செயல்கள் எப்பருவத்திற்கு உரியவை எனக் குறிப்பெழுதுக.