தொலைநிலையில் கத்தோலிக்க இறையியல் முதுகலை: எதைத் தேர்வது?

கத்தோலிக்க இறையியலை முதுகலை நிலையில் வீட்டிலிருந்தே பயில விரும்புவோர் முதலில் தெளிய வேண்டியது கட்டணமோ கால அளவோ அன்று. பெறப்போகும் பட்டம் யாருடைய அதிகாரத்தால் வழங்கப்படுகிறது என்பதே. திருப்பீடத்தின் பெயரால் வழங்கப்படும் திருச்சபைப் பட்டங்கள் ஒருவகை. இளநிலையான பக்காலோரேயட், அதன்மேல் லைசென்ஷியேட், பின்னர் முனைவர் என அவை மூன்று படிகளாக அமைந்துள்ளன. நாட்டுச் சட்டப்படி ஏற்புப் பெற்ற பல்கலைக்கழகங்கள் வழங்கும் எம்.ஏ. முதலியவை மற்றொரு வகை. விவிலியம், திருச்சபை வரலாறு, அறநெறி இறையியல் எனப் பாடப்பொருள் இரண்டிலும் பெரிதும் ஒத்திருப்பினும் பட்டங்களின் பயன் வேறு. குருமடத்தில் இறையியல் கற்பிப்போர் திருப்பீடம் ஏற்ற நிறுவனத்தில் லைசென்ஷியேட்டோ முனைவர் பட்டமோ பெற்றிருக்க வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத்தின் 253ஆம் விதி கூறுவதால், அந்நோக்கம் உடையவருக்கு எத்துணைப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் எம்.ஏ.யும் ஈடாகாது.

ஆனால் லைசென்ஷியேட்டை முழுவதும் தொலைவிலிருந்தே முடித்துவிடலாம் என எண்ணுவது பொருந்தாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் கையெழுத்திட்ட ‘வெரித்தாத்திஸ் காவுதியும்’ என்னும் சட்டத்தொகுப்பு, பாடங்களில் ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் திருப்பீடம் ஒப்பிய பாடத்திட்டம் இடந்தந்தால், தொலைநிலையில் நடத்த இசைகிறது. எனவே இவ்வழியை நாடுவோர் பக்காலோரேயட் முடித்தவராகவும், இலத்தீன் பயிற்சி உடையவராகவும், சில பருவங்களையேனும் நேரில் தங்கிப் படிக்க விடுப்புப் பெறக்கூடியவராகவும் இருத்தல் வேண்டும்.

வேலையை விடாமல் படிக்க வேண்டிய பொதுநிலையினருக்கு எம்.ஏ. வழியே இயல்பானது, அதனுள்ளும் வேறுபாடுகள் சிறியன அல்ல. அமெரிக்காவில் ஒஹையோவிலுள்ள ஸ்டூபென்வில் பிரான்சிஸ்கன் பல்கலைக்கழகம் மாஜிஸ்டீரியத்திற்கு, அதாவது திருத்தந்தைக்கும் ஆயர்களுக்கும் உரிய போதிக்கும் அதிகாரத்திற்கு, முழுமையாகப் பணிவதை வெளிப்படையாகவே முன்னிறுத்துகிறது. மறைக்கல்வி ஆசிரியர்க்கும் பங்குப் பணியாளர்க்கும் அது ஏற்றது. 1983இல் தொடங்கி, முன்பு கத்தோலிக்க தொலைநிலைப் பல்கலைக்கழகம் என வழங்கப்பட்ட கத்தோலிக்க பன்னாட்டுப் பல்கலைக்கழகமோ தொடக்கமுதலே வீட்டிலிருந்து படிப்போருக்கென அமைந்தது. வளாகப் பாடத்தை அப்படியே இணையத்தில் ஏற்றிய படிப்புகளைவிட இத்தகைய அமைப்பு மாணவரின் தனிமையை நன்கறியும் என்பதைக் கருதிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் டர்ஹாம் போன்றவை பொதுப் பல்கலைக்கழகங்கள் ஆதலின், அங்கே கத்தோலிக்க இறையியல் பிற கிறித்தவ மரபுகளோடும் பிற துறைகளோடும் உரையாடும் ஆய்வுத்துறையாகவே நடத்தப்படுகிறது. பிரிட்டனில் எம்.ஏ.யின் 180 கிரெடிட்டில் 60 பெரும்பாலும் ஆய்வேட்டுக்கே உரியது. அமெரிக்கப் படிப்புகள் பலவற்றில் ஆய்வேடு மாணவரின் விருப்பத்திற்கு விடப்படும் ஒன்று. பின்னர் முனைவர் ஆய்வுக்குச் செல்ல எண்ணுவோர் ஆய்வேடு உள்ள வழியையே கொள்ள வேண்டும்.

விளம்பரங்கள் விரித்துச் சொல்லாத நூலகமே, உண்மையில், படிப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அக்குவினாஸ், ரானர், பல்தசார் ஆகிய இறையியலாளர்களின் நூல்களும் ஆய்விதழ்களும் மின்வடிவில் கிடைக்கப்பெறாத மாணவர், காணொளி விரிவுரைகள் எத்துணைச் சிறந்தனவாயினும், பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவராகவே நின்றுவிடுவார். ஆகவே கட்டணம் செலுத்துமுன், தொலைநிலை மாணவருக்கு எந்தெந்த மின்னூல் தொகுதிகள் திறக்கப்படும், கட்டுரைகளைத் திருத்துபவர் யார், நேரலை வகுப்புகள் மாணவரின் நாட்டு நேரத்தில் எப்பொழுது விழும் என்பவற்றை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுக.