பெட்ஸ்பேஸில் இ-ஸ்கூட்டர்

கேள்வி: துபாய் ரிக்காவில் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கூத்தாநல்லூர். பலர் சேர்ந்து தங்கும் பெட்ஸ்பேஸ் ரூமிலிருந்து கடைக்குப் போய்வர, ஊர் திரும்பிய நண்பரிடம் இ-ஸ்கூட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நம் ஊரில் இந்தச் சின்ன வண்டிக்கெல்லாம் லைசென்ஸ் தேவையில்லையே, இங்கேயும் அப்படித்தானா? பிடித்தால் ஃபைன் எவ்வளவு? கட்டிலுக்கு அடியில் வைத்து ராத்திரி சார்ஜ் போடுகிறேன். லீவுக்கு வரும்போது வண்டியைக் கொண்டுவரலாமா?

பதில்: ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. இந்தியாவில் மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால் லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். துபாயிலோ 2022 முதல் இ-ஸ்கூட்டருக்கு அங்குள்ள போக்குவரத்து ஆணையமான ஆர்டிஏவின் பெர்மிட் கட்டாயம். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். யுஏஇ டிரைவிங் லைசென்ஸோ இன்டர்நேஷனல் லைசென்ஸோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆர்டிஏ இணையதளத்தில் பாடத்தைப் படித்து, தேர்வு எழுதி இலவசமாகவே பெர்மிட் எடுக்கலாம். இன்றே எடுத்துவிடுங்கள்.

பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 200 திர்ஹம், ஹெல்மெட் இல்லாவிட்டாலும் 200. ரூம்மேட்டைப் பின்னால் ஏற்றினால் 300. வேக வரம்பு 60 கி.மீ.க்கு மேல் உள்ள ரோட்டில் இறங்கினாலும் 300. ரிக்கா, அனுமதித்த பகுதிகளில் ஒன்றுதான். ஆனாலும் ஸ்கூட்டருக்கென ஒதுக்கிய பாதையை விட்டு விலகாதீர்கள். அபுதாபி, ஷார்ஜாவில் விதிகள் வேறு.

ஃபைன் கட்டினால் தீர்ந்துவிடும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கட்டிலுக்கு அடியில் இருக்கும் சார்ஜர்தான்.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் ராத்திரி சார்ஜில் இருந்த எலெக்ட்ரிக் பைக் தீப்பிடித்தது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் உயிரிழந்தார்கள். பேட்டரிக்குள் ஒரு செல் பழுதாகிக் கொதித்தால் அந்தச் சூடு பக்கத்து செல்லைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். எரியக்கூடிய வாயுவும் அதிலிருந்தே வெளிவரும். தீயணைப்பு பவுடர் சிலிண்டர் அடித்தால் ஜுவாலை அடங்கிவிட்டதுபோல் தெரியும். உள்ளே சூடு குறையாததால் மறுபடி பற்றிக்கொள்ளும். இரண்டடுக்குக் கட்டில்கள் நிறைந்து, ஒரே வாசல் உள்ள ரூமில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் இது நடந்தால் எப்படி வெளியே வருவீர்கள்?

அங்கே வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கல்ஃப் கோடையில் நிழலிலேயே அந்தச் சூடு வந்துவிடும். வெளியே ஓட்டி வந்த கையோடு பிளக்கில் சொருகாதீர்கள்; ஏசி ரூமில் அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். வெயில் விழும் பால்கனியில் வைக்கவே வேண்டாம்.

பெட்ஸ்பேஸில் தனி இடம் ஏது என்று கேட்பீர்கள், அது எனக்கும் தெரியும். கடை மேனேஜரிடம் கேட்டு, அட்டைப்பெட்டிகள் இல்லாத மூலையில், ஆள் நடமாட்டமுள்ள பகலில் சார்ஜ் போடுங்கள். அது முடியாவிட்டால் ரூமிலேயே, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், மெத்தை துணியெல்லாம் தள்ளி இருக்கும் வெறும் டைல்ஸ் தரையில் வையுங்கள். வாசலை அடைத்தாற்போலவும் மாடிப்படியிலும் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகுங்கள். நிறைந்ததும் பிடுங்கிவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் சார்ஜர் அதனுடையதுதானா என்று பாருங்கள்: அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட், வண்டி லேபிளில் சொல்லியிருக்கும் சார்ஜர் வோல்ட்டோடு பொருந்த வேண்டும். முன்பு யாராவது பேட்டரியைப் பிரித்திருந்தாலும், அடிப்பாகம் உப்பியிருந்தாலும், இனிப்பான கெமிக்கல் வாசனை வந்தாலும், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். புகை வந்தால் அணைக்க முயலாதீர்கள். எல்லோரையும் எழுப்பி வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புத் துறைக்கு, 997 எண்ணில், போன் செய்யுங்கள்.

ஊருக்குக் கொண்டுவருவதை மறந்துவிடுங்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை ஏற்றமாட்டார்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் பெருக்கிப் பாருங்கள், 360 வருகிறது. லக்கேஜுக்குள் ஒளித்துவைத்து அனுப்பவும் கூடாது. கீழே சரக்கு அறையில் அது புகைந்தால் மேலே இருப்பவர்களால் கிட்டே போய் அணைக்க முடியாது. கிளம்பும் முன் அங்கேயே விற்றுவிடுங்கள். வாங்குபவரிடம் அதன் சொந்த சார்ஜரையும் சேர்த்தே கொடுங்கள்.