கிள்ளான் மாநகரும் நம் முன்னோரும்

பந்திங் வட்டார மக்களாகிய நமக்குக் கிள்ளான் அயலூர் அன்று. தீபாவளிக்குப் புத்தாடை வாங்கவும், கோயில் திருவிழாக்களைக் காணவும் நாம் நாடிச் செல்லும் நகர் அது. ஆயினும் அந்நகர் எவ்வாறு வளர்ந்தது, அதனை வளர்த்தவர் யாவர் என்பதை நம்முள் பலர் அறியோம். அதனை இங்குக் காண்போம்.

இயற்கை அமைப்பு

தித்திவங்சா மலைத்தொடரில் தோன்றும் கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரம் ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கின்றது. கோலாலம்பூரில் கோம்பாக் ஆறு அதனுடன் சேர்கின்றது. மேட்டு நிலத்தில் ஈயமும், தாழ்ந்த நிலத்தில் பயிருக்கேற்ற மண்ணும், முகத்துவாரத்தில் கப்பல் தங்கும் கடலும் இருந்தமையால் இப்பள்ளத்தாக்கு செல்வம் பெற்றது.

இங்கு மக்கள் வாழ்வு மிகப் பழைமையானது. 1905இல் கிள்ளானில் தொன்மையான வெண்கல மணி ஒன்று கிடைத்தது. 1964இல் நம் கோல லங்காட் மாவட்டத்துச் சுங்கை லாங் கிராமத்திலும் வெண்கல முரசுகள் இரண்டு கண்டெடுக்கப்பட்டன.

வரலாறு

1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேட 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே அம்பாங்கிற்கு அனுப்பினார். அவர்களுள் பெரும்பாலோர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். எனினும் அம்முயற்சியிலிருந்தே கோலாலம்பூர் பிறந்தது. ஈயம் ஆற்று வழியாகவே கடலுக்கு வரவேண்டியிருந்தது. ஆதலால், கிள்ளானைக் கைப்பற்றியவர் வரிப்பணத்தையும் கைப்பற்றினர். இதன்பொருட்டு 1867இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1874இல் ஆங்கிலேயர் தலையிட்டனர்.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் புகைவண்டிப் பாதை இணைத்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் அது கிள்ளான் துறைமுகம் எனப்படுகின்றது. தொடக்கத்தில் அங்கும் மலேரியா பலரை வாட்டியது. டாக்டர் மால்கம் வாட்சன் என்பார் சதுப்பு நீரை வடியச் செய்து, கொசுவை அடக்கி, அந்நோயைப் பெரிதும் குறைத்தார்.

ஆட்சி

1880இல் மாநிலத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அரச குடும்பத்தின் இருக்கையோ அக்காலத்தில் நம் அருகிலுள்ள ஜுக்ராவில் இருந்தது. சுல்தான் அப்துல் சமாட் அங்கு வாழ்ந்தார். அவர்தம் பேரர் சுல்தான் சுலைமான் காலத்தில் அவ்விருக்கை கிள்ளானுக்குச் சென்றது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. 1978இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1977இல் நகராண்மைக் கழகம் பெற்ற கிள்ளான், 2024 பிப்ரவரி 5ஆம் நாள் அரச மாநகராக உயர்ந்தது.

உழைத்தோர் குரல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் காடழித்தனர், பால் வெட்டினர், தண்டவாளம் அமைத்தனர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களை வழிநடத்தினார். ஊதிய உயர்வும், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியும் வேண்டினர். துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். பெண்களின் மானம் காக்கப்படவேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும் என்றனர். தம் பிள்ளைகளுக்கு முறையான தமிழ்க் கல்வியும் கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

பண்பாடு

இன்று கிள்ளானில் பல இனத்தார் கூடி வாழ்கின்றனர். 1934இல் திறக்கப்பட்ட சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும், சுந்தரராஜப் பெருமாள் கோயிலும், தெங்கு கெலானா சாலையின் பூக்கடைகளும் துணிக்கடைகளும் அந்நகரின் அழகுகள். சீனரின் பா குட் தே என்னும் உணவும் கிள்ளானுக்குப் புகழ் சேர்க்கின்றது.

மாணவச் செல்வங்களே! அரைவயிற்றுக் கஞ்சியோடு உழைத்தவர்கள் கூலியோடு கல்வியையும் கேட்டார்கள். அவர்கள் கேட்ட கல்வி இன்று நம் கையில் உள்ளது. அதனை இடையில் கைவிடாது கற்பதும், பெற்றோர் பிள்ளைகளைத் தவறாது பள்ளிக்கு அனுப்புவதும் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.