ஃபில்டர் வேகத்தில் கவிழும் ஆகாயத்தாமரை

கேள்வி: மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் கப்பி, மோலி, இரண்டு கௌராமி வளர்க்கிறேன். தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று மணிக்கு 1,200 லிட்டர் தள்ளும் பவர் ஹெட் போட்டிருக்கிறேன். ஊர்க் கண்மாயிலிருந்து குட்டி ஆகாயத்தாமரைகளை எடுத்துவந்து மிதக்கவிட்டேன். தண்ணீர் வேகத்தில் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து குப்புறக் கவிழ்கின்றன. ஒரு வாரம், பத்து நாளில் நடுக்குருத்து அழுகிவிடுகிறது. பகலில் ஃபில்டரை நிறுத்தி வைக்கலாமா?
- வாசகர், உத்தமபாளையம்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. தண்ணீர் ஓடினால்தான் அவற்றுக்கு ஆக்சிஜன். மணிக்கணக்கில் ஓட்டம் நின்றால் அவை சாகத் தொடங்கும். மறுபடி சுவிட்சைப் போட்டதும் உள்ளே தேங்கிய கெட்ட தண்ணீர் மீன்கள் மேல்தான் வந்து விழும்.

உங்கள் ஊர் வழியாகத்தானே முல்லைப்பெரியாறு போகிறது? அணை திறந்து ஆற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும்போது நடு ஆற்றில் ஆகாயத்தாமரை நின்று வளர்வதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குக் கண்மாய்தான் இடம். அங்கேயும் ஆடிக் காற்று அதை ஒரு கரைக்குத் தள்ளிக் குவிக்கும், ஆனாலும் சாகாது. நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து, வேரோடு வேர் பின்னிக் கிடப்பதால் அலை ஓரத்துச் செடிகளோடு அடங்கிவிடுகிறது. உங்கள் தொட்டியில் ஐந்தாறு செடிகள் தனித்தனியாக அலைகின்றன. அதுதான் வித்தியாசம்.

அழுகுவதற்குக் காரணம் ஓட்டம் மட்டும் அல்ல, இலையின் மேல்பக்கம் ஓயாமல் நனைவதும்தான். பல மிதவைச் செடிகளுக்குச் சுவாசத் துளைகள் மேல்பக்கம்தான் இருக்கின்றன. ஆகாயத்தாமரை இலையில் தண்ணீரை உதறித்தள்ளும் மெல்லிய முடிகள் உண்டு. எப்போதாவது தெறிக்கும் துளியை அவை சமாளிக்கும். இடைவிடாத அருவியைச் சமாளிக்காது. தொட்டியை இறுக மூடி வைத்திருந்தால் மூடியில் வேர்த்துச் சொட்டும் தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்யும். கொஞ்சம் காற்றுப்போக விடுங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குருத்து கொழகொழவென்று அழுகினால் தண்ணீரின் வேலை. வெளிச்சுற்றில் உள்ள பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி விழுந்தால் கவலை வேண்டாம். வெயிலிலும் சத்தான கண்மாய்த் தண்ணீரிலும் வளர்ந்த செடி, தொட்டி விளக்குக்குப் பழகும்வரை அப்படித்தான் செய்யும்.

இனி பவர் ஹெட். மூன்றடித் தொட்டியில் சுமார் 120 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது மணிக்குப் பத்து முறை மொத்தத் தண்ணீரையும் சுழற்றுகிறது. கப்பிக்கும் கௌராமிக்கும் நான்கைந்து முறை தாராளம். கௌராமி தேங்கிய தண்ணீரில் வாழும் மீன். மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கும். செடியைவிட அதுதான் அதிகம் அவதிப்பட்டுக்கொண்டிருக்கும். வேகம் குறைக்கும் திருகு இருந்தால் குறையுங்கள். இல்லாவிட்டால் வெளிவாயைக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். அரை அங்குல பிவிசி குழாயில் வரிசையாகத் துளை போட்டு, நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே படுக்கவைத்து மாட்டினால் இன்னும் நல்லது. ஒரே பாய்ச்சலாக வரும் வேகம் பல துளைகளில் பிரிந்து தணியும். உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பாஞ்சு மாட்டிவிடுங்கள், வேரும் கப்பிக் குஞ்சும் உள்ளே போகாது.

அப்புறம் செடிக்கு ஒரு வேலி. காற்று மோட்டாருக்குப் போடும் ஏர் டியூபில் 75 சென்டிமீட்டர் வெட்டி, இரு முனையையும் ஜாயின்ட் வைத்து இணைத்தால் 24 சென்டிமீட்டர் அகல வளையம் கிடைக்கும். உள்ளே காற்று இருப்பதால் தானே மிதக்கும்; தண்ணீர் புகுந்தால் மூழ்கும், அதனால் இறுக்கமாகப் பொருத்துங்கள். வெளிவாய்க்கு எதிர்மூலையில் வளையத்தை நிறுத்தி, சக்‌ஷன் கப்பில் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். கோடையில் நீர்மட்டம் தினமும் இறங்கும், வளையமும் கூடவே இறங்க வேண்டும். வளையத்துக்குள் செடியை நெருக்கமாகப் போடுங்கள். ஒன்றை ஒன்று தாங்கும்.

சந்தோஷத்தில் மேற்பரப்பு முழுவதையும் மூடிவிடாதீர்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மிதவைச் செடி தரும் ஆக்சிஜனில் பெரும்பங்கு மேலே காற்றுக்குத்தான் போகிறது, தண்ணீருக்கு அல்ல. பாதிப் பரப்பாவது திறந்து, லேசாகச் சலசலத்துக்கொண்டே இருக்கட்டும்.

இவ்வளவு மெனக்கெட மனமில்லையா? மணி பிளான்ட் கொடியை வேர் மட்டும் தண்ணீரில் படும்படி தொட்டி விளிம்பில் தொங்கவிடுங்கள். எந்த ஓட்டத்துக்கும் அசையாது, நைட்ரேட்டையும் நன்றாக இழுக்கும். மிதவைதான் வேண்டும் என்றால் சால்வினியா ஆகாயத்தாமரையைவிட ஓரளவு தாக்குப்பிடிக்கும். அசோலா வேண்டாம், துண்டு துண்டாக உடைந்து ஃபில்டரை அடைக்கும்.

கண்மாய்ச் செடியைக் கழுவாமல் போட்டீர்களா என்று எழுதவில்லை. வேரில் தட்டான் புழு ஒன்று ஒட்டிவந்தாலே போதும், கப்பிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். தனி வாளியில் சில நாள் வைத்துப் பார்த்து, வேரை அலசிவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செடி பெருகித்தான் தீரும். அதிகமானதை வாய்க்காலிலோ கண்மாயிலோ கொட்டாதீர்கள். குமுளி தாண்டிக் கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று சொல்லும் சால்வினியா நீர்நிலைகளை மூடியது; 1980களில் அதைத் தின்னும் வண்டை விட்டுத்தான் அடக்கினார்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். வாழைக்கும் தென்னைக்கும் ஆகும்.