வீடு முதலா, பட்டா முதலா?

ஏழைக்கு வீடு கட்டித் தரும் திட்டங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 1985-இல் இந்திரா குடியிருப்புத் திட்டம், 2016-இல் பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டம் எனப் பல வந்தன. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி வீட்டிற்கு 3.50 இலட்சம் ரூபாய் ஒதுக்கியது. ஆனால் பட்டா வேண்டும்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். 'பட்டா' என்ற சொல்லைப் பெரியவர்கள் எத்தகைய பயபக்தியுடன் உச்சரிப்பார்கள் என்பதை அறிவேன். நம் மாவட்டத்துச் சித்தேரி போன்ற மலைகளில், தலைமுறைகளாய்க் குடியிருக்கும் மண் அரசுக் கணக்கில் காடு என்றிருந்தால், குடிசை கண்ணுக்குத் தெரியும், காகிதத்தில் தெரியாது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. 13-12-2005-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள நிலத்தில், 4 ஹெக்டேர் வரை பழங்குடியினர் உரிமை பெறலாம். அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், விற்க முடியாது. நிலம் பறிபோகாமல் காக்கும் நல்ல விதி இது. எனினும், விற்க முடியாத நிலத்தை ஈடாகக் கொண்டு வங்கி கடன் தருமா?

கடனின்றி முடிவதும் இல்லை. சுவர் உயர உயரத்தான் தவணை வரும். 2016-ஆம் ஆண்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 இலட்சம், மலைப்பகுதிக்கு 1.30 இலட்சம். செங்கல், சிமெண்டு, கம்பி யாவற்றையும் மலையேற்ற அந்தப் பத்தாயிரம் எம்மூலைக்குப் போதும்?

2023-இல் வந்த பிரதமரின் ஜன்மன் திட்டம் 2 இலட்சம் தருகிறது. அதற்குரிய பட்டியலில் இருளர் உண்டு. சித்தேரியின் மலையாளிகள் இல்லை.