ஸ்டோர்ஸ் பாடமும் என் ஒரு வாரமும்



மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கலில் நாம் படிக்கும் ஏ.பி.சி. அனாலிசிஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டோர்ஸில் எண்ணிக்கையில் சுமார் 10 சதவீதமே இருக்கும் பொருள்கள் மொத்த மதிப்பில் 70 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும். அவை ஏ. எண்ணிக்கையில் 70 சதவீதம் இருந்தும் மதிப்பில் 10 சதவீதமே வரும் நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் சி. நடுவில் உள்ளவை பி. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த டிக்கி என்பவர் 1951-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இதை என் வாழ்க்கைக்குப் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒளிக்காமல் நோட்டில் எழுதினேன். கல்லூரியும் பஸ்ஸும் 50. தூக்கம் 45. வேலை பார்க்கும் லேத் பட்டறை 28. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை 15. செல்போனும் டீக்கடைப் பேச்சும் 27 (எழுதும்போதே வெட்கமாக இருந்தது). அரியர் விழுந்த கணக்குப் பாடத்துக்கு வெறும் 3! எது முக்கியம் என்று யார் கேட்டாலும் படிப்புதான் என்று சொல்லும் வாய் இது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் வேறு.

பணத்தை வைத்துப் பிரித்தால் பட்டறைதான் ஏ. வாரம் 1,200 ரூபாய் தருகிறது. கணக்குப் பாடம் ஒரு பைசா தருவதில்லை, அது சி.

ஆனால் அதே பாடத்தில் வி.இ.டி. என்று இன்னொன்றும் இருக்கிறதே. வைட்டல், எசென்ஷியல், டிசைரபிள். அது விலையைப் பார்க்காது. இந்தப் பொருள் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று பார்க்கும். இதைப் பட்டறையில் கண்ணால் பார்த்தேன். ஒரு வி-பெல்ட் அறுந்தது. ஸ்பேர் வாங்கி வைக்கவில்லை. சில நூறு ரூபாய் சாமான். லேத் ஒன்றரை நாள் சும்மா நின்றது.

என் அரியரும் அந்த பெல்ட் மாதிரிதான். அது பாஸாகாமல் டிப்ளமோ கைக்கு வராது. சரி, ஆனால் வாரம் 650 ரூபாய் மகளிர் குழுத் தவணை? அதுவும் வைட்டல்தானே. இரண்டு வைட்டல் மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை.

செல்போனை வெட்டினால் போதாதா என்பீர்கள். வெட்டினேன். பத்து மணி நேரம் மிஞ்சியது. எல்லாம் பத்து நிமிஷம், கால் மணியாகச் சிதறிய நேரம். பட்டறை முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு இன்டகரேஷன் போட உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும்.

கடைசியில் முதலாளியிடம், "அண்ணே, இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். வருமானம் 500 ஆகிவிட்டது. வீட்டில் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். அம்மா, "நீ படிடா தம்பி, குழுப் பணத்த நான் பாத்துக்கறேன்" என்றார்கள்.

இப்போது சாயங்காலம் அம்மா கூலிக்குப் பூ கட்டுகிறார்கள். நான் பட்டறையில் குறைத்த 18 மணி நேரம் அம்மா கணக்கில் ஏறிவிட்டது. என் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் போட்டேன். என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். ஏப்ரல் பரீட்சை வரைக்கும்தான் என்று சொல்லியிருக்கிறேன். ஒரே ட்யூப்லைட்டு. அந்தப் பக்கம் அம்மா பூ கட்ட, இந்தப் பக்கம் நான் கணக்குப் போடுகிறேன்.