திறக்க மறுக்கும் தள்ளுகதவுப் பூட்டு

பூட்டு என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது திண்டுக்கல்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மாங்காய்ப் பூட்டின் உள்ளே நெம்புத் தகடுகள் உண்டு. சரியான சாவி அத்தனை தகடுகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். நெம்புத் தகடுகளை இப்படி அமைத்து 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் காப்புரிமை பெற்றார். 1818-இல் ஜெரமையா சப் செய்த பூட்டு இன்னும் விசேஷமானது. கள்ளச்சாவி ஒரு தகடைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டால் பூட்டு தானாகவே இறுகிக்கொள்ளும். அதை விடுவிக்கத் தனியாக ஒரு சாவி வேண்டும். அதாவது அங்கே மாட்டிக்கொள்வதே பூட்டின் வேலை!

ஆனால் நண்பர்களே, இப்போது நம் ஊர்ப்பக்கம் புது வீடுகளில் வைக்கிற அலுமினியத் தள்ளுகதவின் பூட்டு அப்படிப்பட்டதல்ல. அதற்குள் இருப்பது ஒரு கொக்கி, ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு, அவ்வளவுதான். கொக்கி போய் நிலையில் உள்ள ஏற்புத்தகட்டில் மாட்டும். இவ்வளவு எளிய சாதனம் ஏன் அடிக்கடி சிக்குகிறது?

வெயிலில் அலுமினியம் விரிவதால்தான் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலுமினியத்தின் நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000023. கதவின் உயரம் 2 மீட்டர், வெப்ப வித்தியாசம் 20 டிகிரி என்றால் விரிவு 0.92 மில்லிமீட்டர். பூட்டு கதவின் நடுவில் இருப்பதால் அங்கே அதில் பாதிதான் தெரியும். இது மட்டும் கொக்கியை மாட்டவைக்காது என்பது என் கருத்து.

உண்மையான குற்றவாளி நம்ம கரிசல் மண். குருவிகுளம் வட்டாரத்தில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்த மண்ணில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு உப்பும். கோடையில் சுருங்கிக் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தளத்தின் ஒரு மூலை லேசாகத் தூக்கினால் போதும், நிலை கோணிவிடும். கதவு உருளைமேல் நிற்கிறது, ஏற்புத்தகடோ நிலையோடு போகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலே கொக்கி விளிம்பில் இறுகிக்கொள்ளும்.

போன கார்த்திகையில் எங்கள் அத்தை வீட்டில் நடந்தது இதுதான். பின்தாழ்வாரத்தை அடைத்து ஆச்சிக்கு அறை எடுத்திருந்தார்கள். வழி அந்தத் தள்ளுகதவு ஒன்றுதான், இன்னொரு பாதி அசையாக் கண்ணாடி. உள்பக்கம் கொக்கி போட்டுப் படுத்த ஆச்சிக்குக் காலையில் திறக்க வரவில்லை. ஆச்சிக்குச் சர்க்கரை உண்டு, வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஜன்னல் கம்பி வழியாக டம்ளர்கூட நுழையாது. பக்கத்து வீட்டு மாமா கடப்பாரையோடு வந்துவிட்டார். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக உள்ளேதான் விழும். ஆச்சியோ கதவை ஒட்டியே நிற்கிறாள்.

எங்க அப்பா கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா நிலையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். "மண்ணு பொங்கிருக்குலே. நெல ஒரு பக்கம் தூக்கிருச்சி" என்றார். நான் மண்பொறியியல் படிக்கிறவனல்ல. ஆனால் கொக்கியின் மேல் இழுவிசை இருக்கும்வரை திருகு சுழலாது என்பது எனக்குத் தெரியும். கதவைத் திறக்கும் பக்கம் இழுக்க இழுக்க அது இன்னும் இறுகும். ஆகவே மூடும் பக்கமே அழுத்தித் தள்ளி, அதே சமயம் கதவைத் தூக்கவேண்டும். அப்பாவும் நானும் கைப்பிடியையும் கீழ்ச்சட்டத்தையும் பிடித்துத் தூக்கினோம். "ஆச்சி, இப்பத் திருப்புங்க!" என்று கத்தினேன். மூன்றாவது தடவையில் டக்கென்று விட்டது. "எய்யா, கருப்பட்டிக் காப்பி போடச் சொல்லு" என்றுதான் ஆச்சி முதலில் சொன்னாள்.

திறந்தபின் செய்யவேண்டியவைதான் நிரந்தரப் பரிகாரம். கீழ்த்தடத்தில் கிடக்கும் மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்கவும். கதவின் கீழ்முனையில் சிறு துவாரம் இருந்தால், அதற்குள் இருப்பது உருளையை ஏற்றி இறக்கும் திருகு. அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பி, கதவுக்கும் நிலைக்கும் உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வரும்படி செய்யவும். ஏற்புத்தகட்டின் திருகுத் துளைகள் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். தளர்த்தி, கொக்கி எங்கே வருகிறதோ அங்கே நகர்த்தி முடுக்கவும். துளை வட்டமாக இருந்தால் அரத்தால் ராவி நீளமாக்கலாம். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். பிசுக்காகிக் கரிசல் தூசியை அள்ளிக்கொள்ளும். பென்சில் கரியைப் பொடித்து ஊதினால் போதும், கிராஃபைட் நல்ல உலர் மசகு.

ஸ்பிரிங் முறிந்திருந்தால் புதுப்பூட்டு வாங்குவதே நல்லது. சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ போகும்போது பழைய பூட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு திருகுத் துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் பூட்டுக்குப் பூட்டு மாறும். அளவு தப்பினால் திரும்பவும் பஸ் ஏறவேண்டியதுதான்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு